பழைய அளவில் ஒரு துணிப் படகு

என் மனைவியின் முதுகு, கழுத்தெலும்பிலிருந்து இடுப்புவரை, இரண்டு சாணுக்கு ஒரு விரல் குறைவு. என் சாணால். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் அளந்தது. அப்போது வீட்டில் டேப் இல்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில், பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்து அவளை நிற்கவைத்து, கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டி, மறுபடி ஊன்றி மறுபடி நீட்டி அளந்தேன். அவள் கூச்சத்தில் நெளிய, ஒவ்வொரு முறையும் கணக்குத் தப்பியது. ஐந்து தடவை அளந்தோம். நான்காவது தடவை தப்பவில்லை. தப்பிவிட்டதாகச் சொன்னேன்.

ஒரு மழைக்கோட்டுக்காக எடுத்த அளவு அது. அவள் பள்ளிக்கூட டீச்சர். பள்ளி ஏற்றத்தின் மேலே. இந்தத் தீவில் மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை. கடல் பக்கமிருந்து சாய்ந்து வரும். சரிவில் மோதிக் கீழிருந்தும் ஏறும். குடை இரண்டு மாதம் தாங்காது. பஜாரில் கிடைக்கிற ரப்பர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருநாள் போய்வந்தாள். வியர்வையில் ஊறியிருந்தாள். உள்ளே இருந்து நனைவதற்கு வெளியே இருந்தே நனையலாமே, குளித்ததுபோலவாவது இருக்கும் என்றாள். அன்று சாயங்காலமே நான் துணி தேடக் கிளம்பினேன். கிளம்புவது எனக்கு எப்போதும் சுலபம். உட்கார்ந்திருப்பதுதான் வராது.

எங்களுடையது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். அவள் வீட்டார் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து வண்டூரில் தங்கிவிட்ட மீன்பிடிக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாதவர்கள். என் அப்பா சர்க்கார் வேலைக்கு வந்தவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஆபீசுக்குப் போகமாட்டார். இரண்டு வருடம் யாரும் எங்கள் படி ஏறவில்லை. அந்த இரண்டு வருடமும் மழை பெய்துகொண்டே இருந்ததாகத்தான் இப்போது ஞாபகம். மழை, தையல் மிஷின் சத்தம், அவள் சிரிப்பு. ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும் என்பதைக் கோட்டு முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். தையல்மீது உள்பக்கமாகப் பசை தடவி, பட்டியடித்து, மெல்லிய துணி வைத்து இஸ்திரி போட்டேன். சமையலறைத் தராசில் நிறுத்தால் ஆறு முட்டை எடைகூட இல்லை. அவள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக, எந்த மெயின்லேண்ட் கடை என்று எல்லா டீச்சரும் கேட்டார்களாம். வீட்டுக்காரர் தைத்தது என்றால் நம்பவில்லையாம்.

நான் ஓர் இன்ஜினியரிங் ஆபீசில் வரைபடம் போடுகிறவன். பகல் முழுக்க அடுத்தவர்களின் சுவருக்கும் சாக்கடைக்கும் நேர்கோடு. வீடு திரும்பினால் வளைவு வேண்டியிருந்தது. கோட்டுக்குப் பிறகு முதுகுப்பை தைத்தேன். தொப்பி, இரண்டு பேர் படுக்கும் கூடாரம், பிறகு லைஃப் ஜாக்கெட்டுகள். ஆபீசுக்கு ஏசி வந்த பெட்டிகளில் தடித்தடியாய் வெள்ளை ஃபோம் இருந்தது. அதை அள்ளிக்கொண்டு வந்து அடுக்கடுக்காக வெட்டி ஒட்டினேன். மகளின் கிழிந்த பள்ளிப் பைகளிலிருந்து கொக்கிகளை அறுத்தெடுத்தேன். எது செய்தாலும் அடுத்தது அதைவிட லேசாக இருக்க வேண்டும். ஒரு தையலை மிச்சப்படுத்தினால் எத்தனை கிராம், ஒரு ஓட்டை போட்டால் எத்தனை கிராம் என்று தராசுக்கும் மிஷினுக்குமாக அலைவேன். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஒருநாள் கனமென்பதே வாழ்க்கையில் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

மகள் வளர ஆரம்பித்தபோது டேப் வாங்கினேன். மாதத்துக்கு மாதம் அளவு மாறுகிற பிள்ளைக்குச் சாண் ஒத்துவராது. டேப் வந்த பிறகு என் மனைவிக்கும் டேப்தான். சாணில் அரை அங்குலம் தப்பும், டேப்பில் தப்பாது. அப்படித்தான் நான் முன்னேறினேன்.

படகு ஆரம்பித்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால். மரப்பலகையில் அல்ல, ஃபைபரில் அல்ல. உள்ளே விலா எலும்புகளாய் வளைத்த பிரம்பு, நீளவாக்கில் பாக்குமர வரிச்சுகள், எல்லாவற்றையும் மீன்வலை நூலால் கட்டி, மேலே நைலான் துணியை இழுத்துத் தைத்து, நீர் புகாத பூச்சு பூசிவிடுவது. ஆணி கிடையாது. பெரார்கஞ்சில் தெரிந்தவர் தோட்டத்தில் புயலில் சாய்ந்த பாக்குமரம் ஒன்று கிடைத்தது. பிரம்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கெட்டில் ஆவியில் காட்டி, முழங்காலில் வைத்து வளைப்பேன். இந்த மாதிரிப் படகு கடையில் கிடைக்காது, கிடைக்கவும் முடியாது. சட்டை மாதிரி அது. உட்காருகிறவருடைய உடம்புக்குத்தான் தைக்க முடியும். இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு முஷ்டி இடம். முழங்கால் மேலே முட்டும் இடத்தில் ஒரு குறுக்குக்கட்டை. குதிகால் ஊன்ற ஒரு பலகை. துடுப்பு கூட, கையை உயர்த்தினால் விரல் மடங்கும் உயரம்.

அதனால் இவளுடைய அளவு எல்லாவற்றையும் எடுத்து நீல அட்டை போட்ட நோட்டில் எழுதினேன். இடுப்பு, தொடை, உட்கார்ந்தால் குதிகால்வரை நீளம், முழங்கால் எழும்பும் உயரம், தோள், இரு கை விரித்த தூரம். ஒரு பக்கம் முழுக்க அவள். அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இனித் தொந்தரவு இல்லை, எது தைத்தாலும் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் போகிற படகு அது. கீழ்வீட்டுக்காரர், பீகார்க்காரர், ஒவ்வொரு தடவை நான் அதை மாடிப்படியில் இறக்கும்போதும், பாயி சாப், திரும்பவும் கொசுவலையா என்று இந்தியில் கேட்பார். வண்டூரில் என் மைத்துனன், அவள் தம்பி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். முதல் நாள் எங்கள் படகைக் கரையில் வைத்ததும் சுற்றிச் சுற்றி வந்தான். விரலால் துணியைச் சுண்டிப் பார்த்தான்.

"மச்சான், இது படகா, இல்ல நைட்டியா?"

அக்காள் சிரித்ததும் அவனுக்கு உற்சாகம் கூடிவிட்டது. உப்பங்கழியில் முதலை இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். முதலைக்கு முள் எடுத்து, துணியில் சுற்றி, பார்சல் கட்டி அனுப்புகிற மாதிரி இருக்கிறது, ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் போதும் என்றான். படகைத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு ஃபைபர் படகில் எங்களுக்கு முன்னால் போய் வழி காட்டினான். முதலைப் பயம் அவனுக்குத்தான் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஏறுவெள்ளம் பிடித்து உள்ளே போய் இறங்குவெள்ளத்தில் திரும்புவோம். அவள் முன்னால், நான் பின்னால். துணியின் அந்தப் பக்கம் தண்ணீர் நகருவது தொடையில் தெரியும், மாட்டின் வயிற்றில் கை வைத்தது மாதிரி. அவள் கைவீச்சைப் பார்த்து நான் வீசுவேன். ஜாக்கெட்டின் இரண்டு பட்டைக்கு நடுவே அவள் முதுகில் வியர்வை ஒரு தீவுபோல் பரவும், பிறகு இரண்டு தீவாகும், சேரும். மூன்று வருடம், ஞாயிறு தவறாமல், அந்த முதுகை நான் பார்த்தேன். முகத்தைக் கரையேறின பிறகுதான் பார்ப்பேன். அப்போது எனக்குக் கட்டுகளை அவிழ்க்கிற வேலை இருக்கும்.

பிறகு மகள் தூத்துக்குடிக்கே கல்யாணமாகிப் போனாள். இவள் ஞாயிற்றுக்கிழமை வருவதைக் குறைத்தாள். பேப்பர் திருத்தணும் என்றாள். பூசை இருக்கு என்றாள். பிறகு காரணம் சொல்வதை நிறுத்தினாள். நான் கேட்பதை அதற்கும் முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். இரண்டு பேர் படகில் ஒருவன் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால் சாக்கில் மணல் நிரப்பி முன் இருக்கையில் வைத்தேன். அவள் எடை எனக்குத் தெரியும். அதே எடைக்கு நிரப்பினேன். படகு வித்தியாசமே காட்டாமல் நேராகப் போனது. நல்ல யோசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மைத்துனன் இதை அவளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். அக்கா, உனக்குப் பதில் ஒரு மூட்டை வச்சிருக்காரு, பேசாம வருது, கொடுத்துவச்சவர் என்று. அவள் சிரித்தாளாம்.

போன வருடம் ஜனவரியில் ஒரு காலை, தட்டில் ஆப்பத்தை வைத்துவிட்டுச் சொன்னாள். வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டாளாம். மூன்று மாத நோட்டீஸ். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஏப்ரல் கப்பலில் போகிறாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்லைங்க." மீன் குழம்பை ஊற்றினாள். குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு ரிட்டயராக இன்னும் ஒம்பது வருசம் இருக்கு. அதுக்கப்புறம் வரணும்னா வாங்க. இங்க நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

மணல் மூட்டை எங்கள் நடுவே மேசைமீது வந்து உட்கார்ந்தது. நான் ஆப்பத்தைப் பிய்த்தேன். போகாதே என்பது இரண்டு நொடிகூட ஆகாத ஒரு சொல். நான் ஒரு படகு செய்ய முடிவு செய்தேன்.

சிரிக்க வேண்டாம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. முன்பொரு காலத்தில், இரண்டு பேர் படகை நாங்கள் மூச்சிரைக்க மாடி ஏற்றிய ஒரு நாளில், அவள் சொல்லியிருந்தாள்: சின்னதா ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும், யாரையும் கூப்பிடாம நானே தூக்கிக்கிட்டு, எனக்குத் தோணுறப்ப போய்ட்டு வருவேன். அந்தப் படகைச் செய்துவிடுவது. கோழி இறகு மாதிரி, அவள் ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. மூன்று மாதத்துக்குள் அவள் கையில் கொடுத்துவிட்டால் போகமாட்டாள். போனாலும் அது இங்கே அவளுக்காகக் காத்திருக்கும், திரும்பி வருவாள். ஒரு மனுஷியைக் கட்டிவைக்கப் பத்துக் கிலோவுக்குக் குறைவான படகு போதுமென்று ஐம்பது வயது ஆள் ஒருவன் மனதார நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, எத்தனையோ தடவை நின்று பழகியபடி கைகளைக் கொஞ்சம் தூக்கி நின்றாள். நான் டேப்பை அவள் இடுப்புக்குக் கொண்டுபோகக் குனிந்தேன்.

"இப்பல்லாம் நீங்க என்னைத் தொடுறது அளவு எடுக்க மட்டுந்தான், இல்ல?"

குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரித்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். கைகள் தூக்கியபடியே இருந்தன. விரல் நுனியில் ஒரு நெத்திலிச் செதில் மினுங்கியது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவமானமா, கோபமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். "சரி விடு, நோட்டுல பழைய அளவு இருக்கு. அது போதும்" என்றேன்.

அவள் கைகள் மெதுவாக இறங்கின. சரிங்க என்றாள். நெத்திலிக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் டேப்பைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் டேப்போடு கையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் பால்கனியில் வேலை நடந்தது. மெல்லிய பிரம்பாகப் பார்த்துப் பொறுக்கினேன். பாக்குமர வரிச்சுகளைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி இளைக்கவைத்தேன். நோட்டைத் திறந்துவைத்துக் கல் தூக்கிவைத்திருந்தேன், காற்றில் பக்கம் புரளாமலிருக்க. அவள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போவாள். ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. முடியட்டும், முழுசாகப் பார்க்கட்டும் என்று இருந்தேன். வீட்டில் அப்போதெல்லாம் ஒரு தைல வாசனை இருந்துகொண்டே இருந்தது. பிரம்பின் ஈர வாசனையும் அதுவும் கலந்து ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது. ஒரு வருடமாகவே அந்த வாசனை வீட்டில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை.

துணி வரத் தாமதமாகிவிட்டது. சாமான் ஏற்றி வருகிற கப்பல் பழுதுக்குப் போயிருந்தது. மார்ச் கடைசியில்தான் பார்சல் கைக்கு வந்தது. மைத்துனன் ஒருநாள் வீட்டுக்கு வந்து வெறும் கூட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கையால் தூக்கினான். அவன் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

"அக்காவ இதுக்குள்ள உக்கார வச்சுப் பாத்தீங்களா மச்சான்?"

துணி தைப்பதற்கு முன்னால் ஆளை உட்காரவைத்துப் பார்ப்பதுதான் முறை. இந்த வேலையில் யாருக்கும் தெரிந்த முதல் பாடம். கட்டை எங்கே முட்டுகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்து நூலை அவிழ்த்து நகர்த்தலாம். துணி மூடிவிட்டால் நகர்த்த முடியாது. எனக்குத் தெரியாதா? ஆனால் உட்காரவைப்பதென்றால் கூப்பிட வேண்டும். கைபிடித்து இறக்க வேண்டும். முழங்காலைத் தொட்டு, இங்கேயா, இங்கேயா என்று கேட்க வேண்டும். நாள் இல்லை மாப்ள, நோட்டுல எல்லாம் இருக்கு என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். டீக் ஹை, சரி, உங்க பாடு அக்கா பாடு என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நைலானை இழுத்து, மெழுகு தடவிய நூலில் படகின் முதுகுவாக்கில் தையல் போட்டேன். விரல் ஓரங்கள் வெடித்தன. பூச்சு காய்ந்ததும் மீன்காரர்கள் வைத்திருக்கிற கொக்கித் தராசில் மாட்டித் தொங்கவிட்டேன். ஒன்பது கிலோ முந்நூறு. வெயிலில் பிடித்தால் உள்ளே விலாக்கள் தெரிந்தன. என் வாழ்நாளில் நான் செய்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

கப்பலுக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிறு, வண்டூர். ஏறுவெள்ளம் நிறைந்து கழி அசையாமல் கிடந்தது. அவள் படகைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே நடந்து வந்தாள். அந்த முப்பது அடி தூரம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை நான் பார்த்தேன். கற்பனை இல்லை, மைத்துனனும் பார்த்தான். இறகு மாதிரி இருக்குங்க என்றாள்.

தண்ணீரில் வைத்தோம். வலது காலை உள்ளே விட்டாள். இடது கால் போகவில்லை. முழங்கால் குறுக்குக்கட்டையில் முட்டியது. அவள் முகம் சுளித்தாள். கொஞ்சம் மடக்கி அழுத்தினால் போகும் என்றேன், கரையில் நின்றபடி. அழுத்தினாள். போனது. ஆனால் இடுப்பு அந்த இருக்கையில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முஷ்டி இடம். எட்டு வருடத்தில் இடுப்பு இளைத்து முழங்கால் வீங்கியிருக்கிறது. என் பக்கத்துத் தலையணையில், என் கண்ணெதிரில்.

நாலு வீச்சு வீசினாள். ஐந்தாவதில் உடம்பு ஒரு பக்கம் வழுக்க, படகோடு சேர்ந்து அவளும் கவிழ்ந்தாள்.

இடுப்பளவு தண்ணீர்தான். அவள் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நடக்கும் முன்னே நீந்தினவள். ஆனால் முழங்கால் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வெளுத்த துணியின் அடிப்பாகம் மேலே, அவள் கீழே. மைத்துனன் பாய்ந்தான். நானும் பாய்ந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. புரட்டினோம். தலைமுடி முகமெல்லாம் ஒட்டி, இருமி, தண்ணீரைத் துப்பி, பிறகு மூச்சு வாங்கினாள். தம்பி அவள் காலைக் கையால் பிடித்து மெதுவாக மடக்கி வெளியே எடுத்தான். அவனுக்கு எந்தப் பக்கம் வலிக்குமென்று தெரிந்திருந்தது.

கரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தைலம் அங்கேதான் இவ்வளவு நாளும் போய்க்கொண்டிருந்தது. கட்டையை நகர்த்திடலாம், துணியைப் பிரிச்சு நாலு நாள்ல முடிச்சிடுவேன் என்று நான் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. கோபமிருந்திருக்கலாம்.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க. ஆனா எனக்குத் தைக்கலைங்க. உங்க நோட்டுல ஒருத்தி இருக்கா பாருங்க, அவளுக்குத் தச்சிருக்கீங்க."

மைத்துனன் துடுப்பைத் தேடுகிற சாக்கில் தண்ணீரில் இறங்கி வெகுதூரம் நடந்தான். அன்று அவன் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை.

ஹாடோ துறையில் கப்பலேற வரிசை. மே மாதப் பள்ளி விடுமுறைக்கு முன்பே கிளம்புகிற கூட்டம், அட்டைப் பெட்டிகள், மீன் கருவாட்டுப் பொட்டலங்கள். அவள் முதுகில் நான் தைத்த பை. ஒரு பட்டை தளர்ந்து தொங்கியது. கொக்கியைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தேன். என் கை அவள் தோளில் இருந்தது. இருக்கட்டும் என்று ஒரு கணம் வைத்தேன். அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோளைவிடச் சின்னதாக இருந்தது. எலும்பு கையில் தட்டுப்பட்டது.

"இறுக்குது, விடுங்க" என்றாள்.

கொக்கியைத் தளர்த்தினேன். கையையும் எடுத்தேன். நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வரிசையோடு நகர்ந்தாள். மேல்தளத்தில் அவளைத் தேடினேன். பைகள்தான் தெரிந்தன. என் தையலை எவ்வளவு தூரத்திலும் எனக்கு அடையாளம் தெரியும். அந்தப் பை கடைசிவரை தெரிந்தது.

மே மாதம் மழை இறங்கியது. பால்கனியில் தொங்கவிட்டிருந்த படகின் துணி தொய்ந்துபோனது. உலர்ந்த மாதத்தில் இழுத்துத் தைத்த நைலான் ஈரக்காற்றில் நெகிழும் என்று தெரிந்துதான் இருந்தது. அவசரத்தில் தைத்தால் அப்படித்தான். விலா எலும்புகளுக்கு நடுவே துணி குழிந்து, பட்டினி கிடந்த நாயைப் போல் ஆகிவிட்டது. சுற்றுலாக்காரப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கட்டுமா என்று மைத்துனன் கேட்டான். யாருக்கும் பொருந்தாது என்றேன். அது உண்மை. இந்தத் தீவில், மெயின்லேண்டில், எங்கேயும் அந்த அளவில் ஆள் இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை பேசுவோம். பேரப்பிள்ளை தவழ்ந்தது, மருமகனுக்கு நைட் ஷிப்ட், இங்கே கேஸ் சிலிண்டர் வந்ததா. நவம்பரில், அங்கே மழை பிடித்திருந்த ஒரு பகலில், வாரக் கணக்கில்லாமல் ஒரு போன் வந்தது. மழைக்கோட்டு உள்பக்கம் உரிகிறது என்றாள். செதில் செதிலாக வருகிறதாம், பிள்ளை பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிறதாம். எதாவது தடவினால் சரியாகுமா என்று கேட்டாள்.

எந்தக் கோட்டு என்றேன்.

"மொதக் கோட்டுங்க. நீங்க சாண் போட்டு அளந்தீங்களே, அது."

அது என்றைக்கோ தரை துடைக்கிற துணியாகப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இருபத்தேழு வருடம் அதை எந்த மடிப்பில் வைத்திருந்தாள், எந்தப் பெட்டியில், எனக்குத் தெரியாது. துணியின் உள்பூச்சு உரிய ஆரம்பித்தால் நிற்காது, இந்தக் கடல்காற்றில் அதற்கு ஆயுள் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். சரியாகாது என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன்."

போனில் மழை கேட்டது. என் ஜன்னலிலும் மழை. இரண்டுக்கும் நடுவே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல். புதுசு ஒண்ணு தச்சு அனுப்புறேன், அளவு சொல்லு என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போனின் அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தட்டுகிற சத்தம்.

"போன்ல எப்படிங்க அளவு சொல்றது?"

நான் நோட்டு என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கற்றிருக்கிறேன். கப்பல் எப்போது இருக்கிறதென்று பார்க்கிறேன் என்றேன். பாருங்க என்றாள். ஜன்னல் சாத்த வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

இப்போது ஜனவரி. காற்று உலர்ந்துவிட்டது. பால்கனியில் படகின் துணி மறுபடி இறுகி, விரலால் சுண்டினால் டிங்கென்று சத்தம் போடுகிறது, பொருந்துகிற ஆள் வந்துவிட்டதுபோல. நோட்டை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். ஆபீஸ் போகும் வழியில்தான் கப்பல் டிக்கெட் கவுண்டர். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். வண்டியை நிறுத்துவேன், அறிவிப்புப் பலகையில் தேதிகள் ஒட்டியிருப்பது தெரியும், அதற்குப் பக்கத்தில் போகமாட்டேன். லீவு இருக்கிறது. பணம் இருக்கிறது. ஊசிநூல், இஸ்திரிக்குப் பட்டி, நல்ல துணி நாலு கஜம், எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. டேப்பை மட்டும் பைக்குள் வைக்கிறேன், வெளியே எடுக்கிறேன். அது இல்லாமல் அவள் முன்னால் போய் நின்றால் இந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.